செம்போத்துக்கு அனுப்பிய அளவுச் சட்டை

"இன்னிக்கே சொல்லிடு வைஷ்ணவி. நாலு பேரு முன்னாடி தெரிஞ்சா உங்கப்பா தாங்க மாட்டாரு."

"பூஜை முடியட்டும்மா. நானே சொல்றேன்."

"ஆறேழு மாசமா இதையேதான் சொல்ற. ஒண்ணும் தெரியாத மாதிரி அவருக்கு சோறு போட என்னால முடியலடி."

"நீ வாயத் தொறக்காம இருந்தா போதும். அப்பாவ நான் பாத்துக்கறேன்."

"என்னத்த பாத்துப்ப. அவரு மனசுல எவ்வளவு ஆசை வச்சிருக்காருன்னு உனக்குத் தெரியாதா?"

கிடங்குச் சுவருக்கு இந்தப் பக்கம் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த முருகானந்தத்துக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது, அதை மூடக்கூடத் தோன்றவில்லை. பேசுவது மனைவி அனுசுயாவும் ஒரே மகள் வைஷ்ணவியும். தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள். அதுவும் ஆறேழு மாதமாக.

கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கும் தகப்பனுக்கு இந்த மாதிரிப் பேச்சு காதில் விழுந்தால் புத்தி எங்கே போகும்? நேராக அங்கேதான் போயிற்று. ஆசீர். அவர் வாங்கியிருக்கும் புது ரேஸ் வண்டியை இன்றைக்குக் கோயம்புத்தூர் வொர்க்‌ஷாப்பில் இருந்து கொண்டுவரும் இஞ்சினியர் பையன். இவள் எந்நேரமும் அவனோடுதான் போனில். கேட்டால் "வண்டி விஷயம்பா" என்பாள். வண்டி விஷயம் பேச இவ்வளவு நேரமா ஆகும் என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போது யோசித்தார். ஈரக் கையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முருகானந்தத்துக்கு ஐம்பத்தேழு வயது. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மோட்டார் பம்ப்செட் கடை. வீடு ஸ்ரீரங்கத்தில். கொள்ளிடக் கரையோரம் கடைக்கான கிடங்கு. ஆள் நல்ல வாட்டசாட்டம். கடை நாற்காலியில் உட்கார்ந்தால் இரண்டு கைப்பிடியும் தெரியாது. சினிமா, சீட்டாட்டம் என்று எதற்கும் போகாத மனிதர். வாழ்க்கையில் அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று.

பத்து வயதில் அப்பாவோடு லாரியில் மோட்டார் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போனபோது, சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் கார் ரேஸ் நடந்தது. டிரைவர் லாரியை ஓரம் கட்டினார். கறுப்பு உடம்பு, இரண்டு பக்கமும் துருச் சிவப்பு, தரையோடு தரையாக ஒரு வண்டி. கூட்டம் அதைச் செம்போத்து என்று கூப்பிட்டது. அந்தப் பறவையின் நிறம் அப்படியே இருந்தது வண்டிக்கு. இரண்டு தடவை அவர் கண்ணெதிரே போயிற்று. அவ்வளவுதான் பார்த்தது. அந்தச் சத்தம் மட்டும் அவருக்குள் தங்கிவிட்டது.

போன வருஷம் வைஷ்ணவிதான் போனில் அந்தப் படத்தைக் காட்டினாள். கோயம்புத்தூரில் சில இளைஞர்கள் அந்தப் பழைய செம்போத்தை மாதிரியாக வைத்துப் புது வண்டி செய்கிறார்கள். புது இஞ்சின், புது பிரேக், கார்பன் ஃபைபர் உடம்பு. ஆனால் பார்க்க அதே வண்டி, அதே ஒடிசலான சட்டம். மொத்தம் பதினைந்தே வண்டி. அதற்கு மேல் செய்ய மாட்டார்கள். ரோட்டில் ஓட்ட முடியாது, ரேஸ் டிராக்கில் மட்டும்தான். முருகானந்தம் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஒருவரையும் கேட்காமல் அன்றைக்கே ஒன்பதாவது வண்டிக்குச் சொல்லிவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து வொர்க்‌ஷாப்பில் இருந்து கூப்பிட்டார்கள். சீட்டு அவரவர் உடம்புக்கு அச்சு எடுத்துச் செய்வது, ஒரு நாள் நேரில் வந்துவிட்டுப் போங்கள் என்றார்கள். பங்குனி மாசம். கிணறு வற்றி, போர் போட்டு, மோட்டாருக்கு ஆட்கள் கடை வாசலில் நிற்கிற நேரம். கல்லாவை விட்டு நகர முடியுமா? வைஷ்ணவி கம்பெனி வேலையாகக் கோயம்புத்தூர் போவதாக இருந்தது. அவளிடம் தன்னுடைய அளவுச் சட்டையையும் அளவு பேண்ட்டையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். பெரிய கடைவீதித் தையல்காரர் அதைப் பார்த்துத்தான் வருஷக்கணக்காகத் தைக்கிறார். ஒரு தடவைகூட இவர் டேப்புக்கு முன்னால் நின்றதில்லை, ஒரு தடவைகூடச் சட்டை இறுக்கிப் பிடித்ததில்லை. தையல்காரருக்குப் போதுமானது சீட்டு செய்கிறவர்களுக்குப் போதாதா? மகள் திரும்பி வந்து, "எல்லாம் முடிஞ்சுதுப்பா" என்றாள். அவரும் அதோடு மறந்துவிட்டார்.

அந்த வண்டி வரப்போகிற நாளில்தான் இந்தப் பேச்சு காதில் விழுந்தது.

முக்கொம்பு தாண்டிவிட்டோம் என்று ஆசீர் போன் செய்தான். சொந்தக்காரர்கள், கடைப் பையன்கள், பக்கத்துக் கிடங்குக்காரர்கள் என்று கிடங்கு வாசல் நிறைந்துவிட்டது. பிள்ளையார் கோயில் குருக்கள் எலுமிச்சம்பழம், பூசணிக்காயோடு தயாராக இருந்தார். அனுசுயாவின் அண்ணன் செல்லக்கண்ணு துறையூரில் இருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். மாப்பிள்ளை கார் வாங்கியிருக்கிறார் என்றுதான் அவருக்குச் சேதி. என்ன கார் என்று தெரியாது.

லாரியில் இருந்து வண்டி இறங்கியதும் எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு கிட்டே வந்தார்கள். முழங்கால் உயரம்தான் இருந்தது. மேலே கூரை இல்லை, கதவு இல்லை. கறுப்பும் துருச் சிவப்புமாக வெயிலில் மின்னியது.

செல்லக்கண்ணு ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"மாப்ள, மிச்சம் பின்னாடி லாரில வருதா?"

"இவ்வளவுதான் மச்சான் வண்டி."

"ஒரு சீட்டுதான் இருக்கு. என் தங்கச்சி எங்க உக்காருவா?"

"வீட்ல."

கூட்டம் சிரித்தது. முருகானந்தமும் சிரித்தார், ஆனால் கண் மகள் மேலேயே இருந்தது. ஆசீர் லாரியில் இருந்து குதித்ததும் வைஷ்ணவி ஓடிப் போய் அவனிடம் ஏதோ குசுகுசுவென்று பேசினாள். அவன் முகம் மாறியது. தலையைத் தலையை ஆட்டினான். அது சரி, இன்றைக்கு முடிவு தெரிந்துவிடும் என்று முருகானந்தம் பல்லைக் கடித்துக்கொண்டார். முதலில் வண்டியில் உட்கார வேண்டும். நாற்பத்தேழு வருஷ ஆசை. அதற்கப்புறம் எந்த இடி விழுந்தாலும் விழட்டும்.

குருக்களுக்கு எங்கே பொட்டு வைப்பது என்றே புரியவில்லை. நம்பர் பிளேட் கிடையாது, முன் கண்ணாடி கிடையாது. கடைசியில் ஸ்டியரிங்குக்கு வைப்போம் என்று குனிந்து பிடித்தார். அதே நேரம் ஆசீர் உள்ளே ஏறுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று பட்டனை அழுத்த, ஸ்டியரிங் தனியாகக் கழன்று குருக்கள் கைக்கு வந்துவிட்டது. அவர் அதை வைத்துக்கொண்டு திகைத்துப் போய் நின்றார்.

"வந்த அன்னிக்கே கழண்டுடுச்சே மாப்ள," என்றார் செல்லக்கண்ணு.

இந்த மாதிரி வண்டியில் அது கழற்றி மாட்டுகிற சாமான்தான் என்று ஆசீர் விளக்கினான். குருக்கள் நம்பின மாதிரித் தெரியவில்லை. இருந்தாலும் ஸ்டியரிங்குக்குத் தனியாகச் சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். ராகு காலம் வரப்போகிறது, வீட்டுக்குப் பெரியவர் ஏறி உட்கார்ந்து வண்டியை நகர்த்துங்கள் என்றார்.

முருகானந்தம் செருப்பைக் கழற்றினார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து, வண்டியில் ஏறுவதற்கென்றே உள்ளே போட்டிருந்த பேண்ட்டோடு வந்து நின்றார். வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு காலை உள்ளே வைத்தார். இன்னொரு காலையும் வைத்தார். இரண்டு கையையும் பக்கத்தில் ஊன்றி மெல்லக் கீழே இறங்கினார்.

பாதியில் நின்றுவிட்டது.

இன்னும் கொஞ்சம் அழுத்தினார். இடுப்பு இறங்கவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினார். இடுப்பின் இரண்டு பக்கமும் சீட்டின் விளிம்பு கவ்விக்கொண்டது. இப்போது கீழேயும் போக முடியவில்லை, மேலேயும் வர முடியவில்லை. கூட்டத்தில் யாரோ போனைத் தூக்கிப் படம் எடுப்பது தெரிந்தது. காது இரண்டும் சுட்டது.

செல்லக்கண்ணுவும் ஆசீரும் ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். வெளியே வந்து நின்றவருக்கு மூச்சு வாங்கியது.

"என்ன தம்பி இது, என் அளவுக்குத்தானே செஞ்சீங்க?"

ஆசீர் வைஷ்ணவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"சார், இது மேடத்தோட சீட்டு. அவங்க உடம்புக்கு அச்சு எடுத்தது. உங்ககிட்ட சொல்லிட்டாங்கன்னு நெனச்சேன். இப்பதான் இல்லன்னாங்க."

முருகானந்தத்துக்கு முதலில் வந்தது நிம்மதி. உண்மையைச் சொல்ல வேண்டும். இவ்வளவுதானா, வேறொன்றும் இல்லையா என்று நெஞ்சில் இருந்து ஒரு கல் இறங்கியது. அது இறங்கின வேகத்திலேயே இன்னொன்று வந்து விழுந்தது. என் வண்டி. என் சீட்டு. பெற்ற பெண்ணே உட்கார்ந்து அச்சு எடுத்துக்கொண்டு வந்து, எல்லாம் முடிந்தது என்று சொல்லியிருக்கிறாள். அவர் ஆசீரைப் பார்த்து, "அந்தச் சீட்ட எடுங்க" என்றார்.

"சார்..."

"எடுக்க முடியுமா முடியாதா?"

"முடியும் சார். ஆனா..."

"எடுங்க தம்பி."

ஆசீர் குனிந்து திருகாணிகளைக் கழற்றி அந்தச் சீட்டைத் தனியாகத் தூக்கி வெளியே வைத்தான். ஒரு பெண் உட்கார்ந்த தடம், தோள், முதுகு, இடுப்பு எல்லாம் அதில் அப்படியே பதிந்திருந்தது. முருகானந்தம் அதைப் பார்க்காமல் மறுபடி உள்ளே காலை வைத்தார். வெறும் தகட்டில் உட்கார்ந்தாவது இந்தப் பழத்தின் மேல் வண்டியை ஏற்றாமல் விடுவதில்லை என்ற வீம்பு.

இந்தத் தடவையும் இறங்கவில்லை. இடுப்பைத் தடுத்தது சீட்டு இல்லை, வண்டியின் இரும்புக் குழாய்கள். இரண்டு பக்கமும் ஓடுகிற சட்டம். அதை எந்தத் திருகாணியைக் கழற்றினாலும் எடுக்க முடியாது. அந்தக் காலத்தில் ஓட்டினவர் ஒல்லி. அவர் உடம்புக்குக் கட்டின சட்டம் அது. புது வண்டியிலும் அதையேதான் வைத்திருக்கிறார்கள். இடுப்புக்கு மேலே எல்லாம் வெளியே நிற்க, இரண்டு குழாய்க்கும் நடுவில் முருகானந்தம் அசையாமல் நின்றார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. இந்த வண்டியில் அவருக்கு இடமே கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அவரே மெதுவாக வெளியே வந்தார். ஓரத்தில் கிடந்த மோட்டார் பெட்டி மேல் உட்கார்ந்தார். செல்லக்கண்ணு ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தார், அனுசுயா அண்ணனைப் பார்த்த பார்வையில் அப்படியே மூடிக்கொண்டார்.

வைஷ்ணவி வந்து எதிரே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அழவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

மஞ்சள் பையைப் பிரித்துச் சட்டையை மேசை மேல் விரித்ததும் வொர்க்‌ஷாப்பில் முதலில் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். இதுவரைக்கும் யாரும் சட்டை அனுப்பினதில்லையாம். அப்புறம் ஆசீர் அந்தச் சட்டையை மடித்து, வண்டிச் சட்டத்துக்கு நடுவில் வைத்துப் பார்த்திருக்கிறான். இடம் போதவில்லை. பேண்ட்டை வைத்துப் பார்த்தான், அதுவும் போதவில்லை. இந்த அளவு ஆள் இதில் உட்கார வழியே இல்லை, வேண்டுமானால் சாரை வேறு வண்டிக்கு மாறச் சொல்லுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

"அன்னிக்கே போன் பண்ணிருக்கலாமே."

"போன கையில எடுத்தேன்பா. நீங்க கடையில வர்றவங்ககிட்டல்லாம் அந்தப் படத்தக் காட்டிட்டு இருந்தீங்க. எனக்கு வாய் வரல."

"அதுக்கு நீ போயி உக்காந்துட்டியா?"

அச்சு எடுக்கிற நுரையை வேறு ஒருவருக்காக அன்றைக்குக் கலக்குவதாக இருந்திருக்கிறது. அந்த ஆள் வரவில்லை. நீங்கள் வேண்டுமானால் உட்கார்ந்து பாருங்கள் மேடம், எப்படி இருக்கும் என்று தெரியும் என்று சொல்லியிருக்கிறார்கள். உட்கார்ந்திருக்கிறாள். நுரை சூடாகி, உப்பி, முதுகைச் சுற்றி இறுகிக்கொண்டே வந்ததாம். எழுந்திருக்கும்போது அவளுக்கு இறங்கவே மனசு வரவில்லை. அந்த அச்சிலேயே ஒன்பதாவது வண்டிக்குச் சீட்டு செய்யச் சொல்லிவிட்டாள். அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை கம்பெனி வேலை என்று சொல்லிவிட்டுப் போனதெல்லாம் அங்கேதான். வொர்க்‌ஷாப்காரர்களின் சோதனை வண்டியை டிராக்கில் ஓட்டிப் பழகியிருக்கிறாள். அடுத்த மாசம் இந்த வண்டிக்காரர்களுக்கு மட்டும் ஒரு ரேஸ் வைக்கிறார்கள். அதற்குப் பேர் கொடுத்துவிட்டாள். இது தெரிந்துதான் அனுசுயா தினம் தினம் மகளோடு சண்டை போட்டிருக்கிறாள்.

முருகானந்தத்துக்கு ஒவ்வொன்றாக வந்து விழுகிறது, நின்று யோசிக்கக்கூட விடவில்லை. தனக்குக் காட்டாமல் வீட்டிலேயே ஒருத்தி ரேஸ்காரி ஆகியிருக்கிறாள். தினம் எதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்ட பிள்ளை.

கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லு. என் சட்டைய வச்சுப் பாத்துட்டு எடம் இல்லன்னு சொன்னாங்கள்ல. அந்த நேரம் உனக்கு வருத்தமா இருந்துச்சா, சந்தோஷமா இருந்துச்சா?"

வைஷ்ணவி அப்பா முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டும்பா."

அன்றைக்கு அவருக்கு விழுந்த அடியிலேயே பெரியது அதுதான். வருத்தம் என்று சொல்லியிருந்தால் அணைத்துக்கொண்டிருப்பார். சந்தோஷம் என்று சொல்லியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பார். அவள் சொன்னதற்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பொய் சொல்லவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

குருக்கள் பக்கத்தில் வந்து, ராகு காலம் பிறக்கப் போகிறது, என்ன செய்யட்டும் என்று மெதுவாகக் கேட்டார். கூட்டம் முழுக்க அவரையே பார்த்தது.

"சீட்ட மாட்டுங்க தம்பி," என்றார் முருகானந்தம். "அவளே ஏத்தட்டும்."

ஆசீர் சீட்டை மாட்டினான். வைஷ்ணவி துப்பட்டாவைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஏறினாள். ஒரு அசைவில் உள்ளே இறங்கிவிட்டாள். கையுறையில் விரல் நுழைகிற மாதிரி என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்டியரிங்கை அவளே மாட்டினாள். பட்டனை அழுத்தினதும் கிடங்குத் தகரம் அதிர்ந்தது. மரத்தில் இருந்த காக்காய் எல்லாம் பறந்தன. நான்கு பழமும் நசுங்கி, வண்டி பத்தடி போய் நின்றது. அதே சத்தம். முருகானந்தத்துக்குக் கண் கலங்கியது. அது சந்தோஷத்திலா, வேறெதிலா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் சொந்தக்காரர்கள் எல்லாரும் போன பிறகு, வீட்டில் மூன்று பேர் மட்டும் இருந்தார்கள். வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று அனுசுயா பயந்துகொண்டிருந்தாள். பதினைந்தில் ஒன்று என்பதால் வாங்கிக்கொள்ள ஆள் காத்திருக்கிறார்கள், ஒரு போன் போதும். வைஷ்ணவியும் அதற்குத் தயாராகத்தான் இருந்தாள். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன், பேரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று அவளே சொன்னாள்.

முருகானந்தம் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பேரு குடுத்தது குடுத்ததாவே இருக்கட்டும். வண்டி இனிமே உன்னுது. நல்லா ஓட்டு, பத்திரமா ஓட்டு. ஆனா நான் வர மாட்டேன். வந்து பாருங்கப்பான்னு மட்டும் கூப்பிடாத."

"ஏங்க இப்படிப் பேசறீங்க?" என்றாள் அனுசுயா.

"அவ ஓட்டறத பாத்தா நானும் ரெண்டுந்தான் படுவேன். நாலு பேருக்கு நடுவுல நின்னுக்கிட்டு அத எப்படிப் படறதுன்னு எனக்குத் தெரியலடி."

வைஷ்ணவி சரிப்பா என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் அவள் கூப்பிடவே இல்லை. அனுசுயாதான் தினமும் கேட்டுப் பார்க்கிறாள். வரவில்லை என்பதுதான் இதுவரைக்கும் பதில். கடையில் படம் காட்டுவதையும் நிறுத்திவிட்டார்.

ரேஸ் வருகிற இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. மறைத்தது பெரிய தப்புதான். ஆனால் சட்டைக்குப் பதிலாக அவரே ஒரு நாள் நேரில் போயிருந்தால் மறைக்க என்ன இருந்திருக்கும் என்றும் தோன்றுகிறது. இந்த முருகானந்தம் அந்த ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் போய் மகள் ஓட்டுவதைப் பார்க்க வேண்டுமா, வேண்டாமா? பிள்ளைகளைப் பெற்றவர்களும் சொல்லுங்கள், அப்பா அம்மாவிடம் எதையாவது மறைத்த பிள்ளைகளும் சொல்லுங்கள். ஒரு வரி போதும், தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள்.